மாத்திரைக்கு மேல் மாத்திரை: செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுத் தொழிலாளி ஒருவரின் நடுக்குவாத நிகழ்வு ஆய்வு

ஜவுளிக்கடை மஞ்சள் பையைக் கவிழ்த்தால் மேசையில் ஏழு மருந்துகள் விழுகின்றன. 110 என்று அச்சிட்ட, நடுக்குவாதத்துக்கான லெவோடோபா மாத்திரை அட்டை. கேஸ் தொந்தரவுக்கு ஒரு கேப்ஸ்யூல். நடுக்கத்துக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. சிறுநீர் தடையில்லாமல் போக ஒன்று, தலைசுற்றலுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. கடைசியாக, நாட்டு மருந்துக் கடையில் கட்டிக்கொடுத்த பூனைக்காலி விதைப் பொடி. விழுங்குகிறவருக்கு வயது 64. நாற்பது வருஷம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தவர். கூட வந்த மனைவி சொன்னது இவ்வளவுதான்: "நோய் முத்திப்போச்சுன்னு சொல்றாங்க சார். சக்கர நாற்காலி வாங்கிக்கச் சொல்றாங்க."

நோய் கொஞ்சம் நகர்ந்திருந்தது உண்மை. ஆனால் அவரை நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்தப் பைதான். ஏழில் நான்கு, இன்னொரு மருந்து செய்த கெடுதலைச் சரிசெய்ய வந்து சேர்ந்தவை.

(சேலம் வட்டாரத்தில் அடிக்கடி நடப்பவற்றை ஒன்றாகக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது, தனி ஒருவருடைய கோப்பு அல்ல. மருந்து அளவுகள் இந்த நிகழ்வுக்கு மட்டும் உரியவை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.)

தோளில் தொடங்கியது

முதலில் வலது தோள் வலி. தோள் பிடிப்பு என்று சொல்லி எட்டு மாதம் ஒத்தடமும் கை தூக்கும் பயிற்சியும் நடந்தன. வலி பாதி குறைந்தது, கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. பட்டறையில் சாமணத்தால் கண்ணியை எடுத்து, வெண்காரம் தொட்டு, பற்றவைக்கிற இடத்தில் வைக்க வேண்டும். நாளுக்கு நூற்றுக்கணக்கில் செய்கிற வேலை. முதல் பத்துக் கண்ணி சரியாகப் போகும். அதற்குப் பிறகு கை சுருங்கிக்கொண்டே வரும். அவர் சொன்ன வார்த்தை பாடப்புத்தகத்தைவிடத் தெளிவு: "கையிலே சத்து இருக்குங்க சார். ஆனா மூளை போட்ட ஆர்டர் கைக்கு லேட்டா வருது."

நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், தோள் பிடிப்பாகத் தொடங்குவது புதிதல்ல. கை வீச்சு குறைகிறது, தசை இறுகுகிறது, மூட்டு அசையாமல் கிடந்து வலிக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரு பக்கத் தோள் பிடிப்பு வந்து சிகிச்சைக்கு மசியவில்லை என்றால், அவரை ஒரு இருபது அடி நடக்கவிட்டு அந்தக் கை வீசுகிறதா என்று பார்ப்பதற்குச் செலவே கிடையாது.

பின்னோக்கிக் கேட்டபோது இன்னும் சில வந்தன. ஏழெட்டு வருஷமாக மலச்சிக்கல். தூக்கத்தில் கத்துவது, உதைப்பது. மனைவி கட்டிலைவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தே ஐந்து வருஷம். அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் வாசனை தெரியவில்லை. மருமகள் சமையலில் 'ருசியே இல்லை' என்று அவர் சொன்னதில் ஆரம்பித்த மனக்கசப்பு வேறு. இந்த நோயில் நடுமூளையின் கருநிறப் பகுதியில், அசைவை நடத்த உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் பாதிக்கு மேல் அழிந்த பிறகே கை கால் மந்தம் வெளியே தெரிகிறது. மூக்கும் குடலும் தூக்கமும் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே சொல்லிவிடுகின்றன, கேட்பார் இல்லாமல்.

கண்ணால் படிக்கிற நோய்

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து இந்த நோயை எழுதினார். அவர்களில் சிலர் தெருவில் போகையில் அவர் கண்ணில் பட்டவர்கள். இருநூறு வருஷம் தாண்டியும் நோயறிதல் பெரும்பாலும் கண்ணால்தான். இயக்கம் மெதுவாகி, செய்யச் செய்யச் சுருங்க வேண்டும். அதோடு ஓய்வில் வரும் நடுக்கமோ தசை இறுக்கமோ இருக்க வேண்டும். நடுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை. 'கை ஆடலையே, எப்படி நடுக்குவாதம்?' என்று கேட்டுக் காலம் கடத்துகிற வீடுகள் உண்டு.

இவருக்குச் செய்தவை எளிய சோதனைகள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து வேகமாகத் தட்டச் சொன்னால், வலக்கையில் ஆறாவது தட்டிலேயே இடைவெளி பாதியானது. மடியில் கையை வைத்துக்கொண்டு நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது, கட்டைவிரல் மாத்திரை உருட்டுவது போல ஆடத் தொடங்கியது. நொடிக்கு நான்கிலிருந்து ஆறு ஆட்டம். கையை நீட்டிப் பொருளை எடுத்தால் ஆட்டம் அடங்கியது. பட்டறைக் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னதுதான் தீர்ப்பு மாதிரி அமைந்தது. மூன்று வருஷம் முந்தைய பக்கத்தில் கோட்டுக்குக் கோடு நிறைந்த உருண்டை எழுத்து. இப்போதைய பக்கத்தில் வரி தொடக்கத்தில் அரைக்கோடு உயரம், வரி முடிவில் எறும்பு.

எம்.ஆர்.ஐ. சாதாரணம். மகனுக்குக் கோபம்: "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா அப்புறம் எதுக்கு மாத்திரை?" அந்த ஸ்கேன் எடுப்பது பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் கோத்தல் போன்றவை இல்லை என்று உறுதி செய்ய. பார்க்கின்சன் நோயில் வழக்கமான ஸ்கேன் சாதாரணமாக இருப்பதே இயல்பு. இதை ஸ்கேன் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டால், பிறகு ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சங்கிலி கோத்த விதம்

கண்ணி கோர்க்கிறவர் என்பதால் இது அவருக்கு உடனே விளங்கியது.

முதல் கண்ணி, 110 மாத்திரை. அந்த எண் கூட்டுத்தொகை: லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10 மில்லிகிராம். லெவோடோபா மூளைக்குப் போய் டோபமின் ஆக வேண்டியது. வழியிலேயே, குடலிலும் இரத்தத்திலும் டோபமின் ஆகிவிட்டால் குமட்டலும் இரத்த அழுத்தச் சரிவும்தான் மிச்சம். வழியில் மாறாமல் தடுக்கிற காவல்காரன் கார்பிடோபா. ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை கார்பிடோபா போனால்தான் காவல் முழுமை. மூன்று வேளை 110 போட்டால் 30தான் கிடைக்கிறது. அட்டையில் 125 என்று இருக்கும் மாத்திரையில் லெவோடோபா அதே 100, கார்பிடோபா 25. மூன்று வேளைக்கு 75. '125 கொஞ்சம் பவர் ஜாஸ்தி' என்று நினைத்து அதைத் தள்ளிவைக்கிறார்கள். கூடுவது காவல் மட்டும்.

இதோடு, உறவினர் சொல்லித் தினம் ஒரு கரண்டி பூனைக்காலிப் பொடி. பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. சும்மா நம்பிக்கை இல்லை. சிக்கல், எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு என்று அளக்க முடியாது, கார்பிடோபாவும் கிடையாது. ஆக, குமட்டலுக்கு இரண்டு வாசல் திறந்தாயிற்று.

குமட்டலைக் 'கேஸ்' என்று மருந்துக் கடையில் சொன்னதும் கிடைத்தது லெவோசல்பிரைடு கலந்த கேப்ஸ்யூல். காலை வெறும் வயிற்றில், ஐந்து மாதம். நம் ஊரில் அமில மாத்திரையோடு சேர்த்து மிகச் சாதாரணமாக விற்பனையாகும் கூட்டு இது. லெவோசல்பிரைடு, டோபமின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைக்கிற மருந்து. வயிற்றில் மட்டும் நிற்காமல் மூளைக்குள்ளும் போகும். நோயே இல்லாதவருக்குக்கூட நடுக்குவாதம் போன்ற நிலையை வரவழைக்கக் கூடியது. ஒரு கையால் டோபமினை ஊற்றி, மறு கையால் மூடியைப் போட்டு அடைப்பது மாதிரி.

நடை மோசமானது, இடக்கையும் ஆடத் தொடங்கியது, உதடு துடித்தது. 'நடுக்கம் ஏறிடுச்சு' என்று டிரைஹெக்சிபெனிடில் 2 மில்லிகிராம் மூன்று வேளை. இளவயது நோயாளிக்கு நடுக்கம் குறைக்க இது உதவலாம். அறுபதைத் தாண்டியவருக்கு மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து வரலாம். இவருக்கு நான்கும் வந்தன. சாயங்காலம் ஆனால் கொல்லைப்புறத் துவைக்கிற கல் மேல் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். அவருக்குப் பயம் இல்லை, 'பாவம், சாப்பிட ஏதாச்சும் குடு' என்றார். பயந்தது மனைவி. மந்திரித்துக் கயிறு கட்டிய பிறகும் குழந்தைகள் போகவில்லை.

சிறுநீர் அடைத்ததற்கு டாம்சுலோசின். அது எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும். கூடவே ஏற்கெனவே பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். தலை சுற்றியது. தலைசுற்றலுக்குச் சின்னரிசின். அதுவும் டோபமினை அடைக்கிற இனம். சங்கிலி வட்டமாகி முதல் கண்ணியில் வந்து பூட்டிக்கொண்டது. ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுந்தார். நெற்றியில் நான்கு தையல்.

இதில் எந்த ஒரு மருந்தும் விஷம் இல்லை. எழுதியவர், கொடுத்தவர், சொன்னவர் என்று ஆளுக்கு ஒன்றாக, முன்னதைப் பார்க்காமல் சேர்த்ததுதான் கேடு. பையை மொத்தமாகக் கவிழ்த்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. வீட்டில் நடுக்குவாதக்காரர் இருந்தால் மருந்துக் கடையில் சொல்லி வைக்க வேண்டிய பெயர்கள்: லெவோசல்பிரைடு, மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளுனரிசின். மனநலப் பக்கம் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின். வாந்திக்கு மருந்து தேவைப்பட்டால் இசிஜி பார்த்துவிட்டு டோம்பெரிடோன் குறுகிய காலத்துக்குக் கொடுப்பார்கள்; அது மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை.

கடிகாரத் தாள்

மாத்திரையைத் தொடும் முன் மூன்று நாள் தாள் எழுதச் சொன்னது. அரை மணிக்கு ஒரு கட்டம், காலை ஐந்து முதல் இரவு பத்து வரை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி: தானே எழுந்து நடந்தால் வட்டம், கட்டிப்போட்ட மாதிரி இருந்தால் பெருக்கல், கை கால் தானாக நெளிந்தால் அலைக்கோடு. மாத்திரை போட்ட நிமிஷமும் சாப்பாட்டு நிமிஷமும் ஓரத்தில். எழுதியது ஏழாம் வகுப்புப் பேத்தி. பெரியவர்களைவிட ஒழுங்காக எழுதினாள்.

தாளில் இரண்டு விஷயம் பளிச்சென்று இருந்தது. காலை ஆறு மணி மாத்திரை ஒரு டம்ளர் பாலோடு போகிறது. வட்டம் வருவது எட்டேகாலுக்கு. மதிய மாத்திரை சாம்பார், முட்டையோடு சாப்பிட்டு முடித்த கையோடு. நான்கு மணி வரை பெருக்கல் குறிதான். ஒரு நாள் மட்டும் மதியம் வட்டம் வந்திருந்தது. அன்று அமாவாசை விரதம், மாத்திரை வெறும் வயிற்றில் போயிருக்கிறது.

லெவோடோபா ஒரு அமினோ அமிலம். பால், பருப்பு, முட்டை, கறி செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதுவும் குடலில் ஒரே வாசலில் நுழைய வேண்டும், மூளைக்குள் போகவும் அதே போட்டி. கூட்டத்தில் மாத்திரை தோற்றுவிடுகிறது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. புதிதாகத் தொடங்கியவருக்கு வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு ரஸ்க் போதும், பால் வேண்டாம்.

எதை முதலில், எதைப் பிறகு

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. நரம்பு மருத்துவர் வைத்த வரிசை இது.

லெவோசல்பிரைடு, சின்னரிசின், பூனைக்காலி மூன்றும் முதல் நாளே நிறுத்தம். அடைத்த மூடி உடனே திறந்துவிடாது. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இதைச் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் 'நிறுத்தியும் ஒண்ணும் ஆகலை' என்று திரும்பத் தொடங்கிவிடுவார்கள்.

அதே நாள் 110க்குப் பதில் 125, ஆறு மணி, பதினொன்று, நான்கு. முதல் இரண்டு வாரம் மட்டும் டோம்பெரிடோன். குமட்டல் ஐந்தாம் நாள் அடங்கியது.

டிரைஹெக்சிபெனிடிலை வெட்டி எறியக் கூடாது. திடீரென்று விட்டால் விறைப்பும் குழப்பமும் கூடும். நாளுக்கு 6 மில்லிகிராமிலிருந்து வாரத்துக்கு அரை மாத்திரை, அதாவது 1 மில்லிகிராம், என்று குறைத்து ஆறு வாரத்தில் முடித்தது. மூன்றாம் வாரம் துவைக்கிற கல்லில் ஒரு குழந்தைதான் இருந்தது. ஐந்தாம் வாரம் கல் மட்டும். கயிறு கட்டியவருக்கும் கொஞ்சம் பெருமை போய்ச் சேர்ந்தது, போகட்டும்.

சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்து, திருப்தியான பிறகே டாம்சுலோசின் நிறுத்தம்.

இரத்த அழுத்தத்தை உட்காரவைத்து மட்டுமே எல்லோரும் பார்த்திருந்தார்கள். அது எப்போதும் 'நார்மல்'. ஐந்து நிமிஷம் படுக்கவைத்துப் பார்த்தால் 138/82. எழுந்து நின்ற ஒரு நிமிஷத்தில் 114/70, மூன்றாம் நிமிஷம் 106/66. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கணக்கில் எடுக்க வேண்டும், இவருக்கு 32. விடிகாலை விழுந்ததற்கு இதுதான் காரணம், காலில் பலம் இல்லாததல்ல. அம்லோடிபினை மருத்துவர் பாதியாக்கினார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலத்துக்குக் கட்டை. எழுவதற்கு முன் படுக்கையிலேயே இரண்டு டம்ளர் தண்ணீர், உட்கார்ந்து கால் பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டல், இரண்டு நிமிஷம் கழித்துத்தான் நிற்பது. இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு பத்து முதல் காலை வரை கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்க் குவளை, நடக்கவே வேண்டாம்.

மலச்சிக்கலை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். வயிறு காலியாகத் தாமதமானால் மாத்திரை இரைப்பையிலேயே கிடக்கும். லெவோடோபா உறிஞ்சப்படுவது சிறுகுடலில். இசப்கோல் ஒரு கரண்டியைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து இரவில், போதாத நாளில் மருத்துவர் எழுதிய மலமிளக்கி. தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு இசப்கோல் போட்டால் அடைப்பு கூடும், குறையாது.

சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இடம் மாற்றியது மட்டும்தான். பகலில் இட்லிக்குப் பொட்டுக்கடலைச் சட்னிக்குப் பதில் தக்காளிச் சட்னி, மதியம் ராகிக் களி அல்லது சோறு, ரசம், காய், கீரை. பருப்பு, முட்டை, தயிர், பால் எல்லாம் இரவுக்கு. பகல் காபி கறுப்பாகவோ மிகக் கொஞ்சம் பாலோடோ. எடை குறைகிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். புரதத்துக்குப் பயந்து பட்டினி கிடந்து பத்துக் கிலோ இழந்தவர்கள் உண்டு, அது நோயைவிட மோசம்.

நிலைப்படியும் சமதரையும்

வீட்டார் மனத்தில் இருந்த பெரிய குறை: "நடிக்கிறாரு." காரணம் இருந்தது. மாடிப்படியில் தாத்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு படியும் ஏறிவிடுவார். பழைய வீட்டு வாசலின் உயர்ந்த நிலைப்படியைத் தாண்டிவிடுவார். ஆனால் புதிதாக டைல்ஸ் போட்ட, படியே இல்லாத குளியலறைக் கதவு முன்னால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு நிமிஷம் அசையாது. படி ஏறுகிறவருக்குச் சமதரையில் நடக்க வராதா?

வராது. தானாக நடக்கிற நடை மூளையின் அடிப்பகுதி முடிச்சுகள் நடத்துவது, அங்கேதான் பழுது. படி, கோடு, நிலைப்படி போன்று கண்ணுக்கு முன் ஒரு குறி இருந்தால் மூளை வேறு பாதை எடுத்து ஒவ்வொரு அடியையும் வேண்டுமென்றே வைக்கிறது. குறுகிய வாசலும் திருப்பமும் அவசரமும் சேர்ந்தால் உறைவு. இதைச் செய்து காட்டியதுதான் அந்த வீட்டில் நடந்த முக்கியமான சிகிச்சை என்றே சொல்லலாம். குளியலறை வாசலுக்கு முன்னும் பின்னும், வெளிர் டைல்ஸ் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், அவருடைய சாதாரண அடி நீளத்துக்கு, சுமார் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு. முதல் தடவையே கோட்டைத் தாண்டித் தாண்டி உள்ளே போய்விட்டார். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உறைந்தவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுப்பது எல்லோரும் செய்கிற தப்பு. உடம்பு வரும், பாதம் வராது, மூக்குக் குப்புற விழுவார். செய்ய வேண்டியது: "நில்லுங்க" என்று சொல்லி முயற்சியை நிறுத்தவிடுவது, மூச்சு ஒன்று, உடல் எடையை இடம் வலமாக இரண்டு தடவை மாற்றுவது, பிறகு பெரிய ஒரு அடி. கோடு இல்லாத இடத்தில் கூட வருகிறவர் தன் பாதத்தைக் குறுக்கே வைத்து 'இதைத் தாண்டுங்க' என்றால் போதும். திரும்பும்போது ஒற்றைக் காலில் சுழலாமல் பேருந்து திரும்புகிற மாதிரி அரைவட்டம். நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, கையில் சொம்பு கொடுக்கக் கூடாது.

நாற்காலி உயரம் 48 சென்டிமீட்டருக்கு ஏற்றியது, கை வைத்தது. எழ: நுனிக்கு நகர், பாதத்தைப் பின்னால் இழு, மூக்கு முழங்காலுக்கு மேல் வரும்வரை குனி, பிறகு எழு. தினம் பத்துத் தடவை, மாத்திரை வேலை செய்கிற நேரத்தில். குரலுக்குத் தனிப் பயிற்சி: ஒரு மூச்சில் 'ஆ' என்று உரக்க, பத்து முறை, பின் பட்டறைக் கணக்கைக் கத்திப் படிப்பது. அவருக்குக் கத்துவதாகத் தோன்றுகிற அளவுதான் மற்றவருக்குச் சாதாரணக் குரலாகக் கேட்டது.

பயிற்சி கற்றுக்கொடுத்தது மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவு. பிறகு வீட்டுக்கே வர வழி இருக்கிறது: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு, பகுதி செவிலியரிடம் பெயர் பதிய வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பிட்டால் அடையாள அட்டைக்கும் சலுகைகளுக்கும் வழி. நல்ல நேரத்தில் போய் மிடுக்காக நடந்துகாட்டிச் சதவீதத்தை இழந்தவர்கள் பலர். கடிகாரத் தாளையும் கூடவே எடுத்துப் போக வேண்டும்.

வீட்டில் மற்றவர்கள்

முகத் தசை இறுகுவதால் சிரிப்பு வெளியே வராது. 'தாத்தா எப்பவும் கோவமாவே இருக்காரு' என்று பேத்தி ஒதுங்கியிருந்தாள். காரணம் தெரிந்த பிறகு அவள் கண்டுபிடித்த வழி, ஜோக் சொல்லிவிட்டு 'சிரிச்சீங்களா?' என்று கேட்பது. 'சிரிச்சேன்' என்பார். மருமகளிடம் ருசி விஷயம் விளக்கப்பட்டது. வாசனை போனவருக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு போன்ற நாக்குச் சுவைகள்தான் மிச்சம், எலுமிச்சையும் மிளகும் கூட்டினால் கொஞ்சம் சாப்பிடுவார்.

மனைவிக்கு 58 வயது. இரவில் நான்கு தடவை எழுந்து திருப்பிப் படுக்கவைத்து, இடுப்பு வலி. தன் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போய் ஒன்பது மாதம். கேட்ட பிறகுதான் இதைச் சொன்னார். கட்டிலில் வழுவழுப்பான பாலியஸ்டர் துணியை இடுப்புப் பகுதிக்கு மட்டும் விரித்ததும் கணவர் தானே புரள ஆரம்பித்தார். பருத்தி வேட்டி பருத்தி விரிப்பில் பிடித்துக்கொள்ளும். வாரம் இரண்டு இரவு மகன் முறை. தூக்கத்தில் உதைப்பதற்கு மெலடோனின் 3 மில்லிகிராம். விழுந்த வரலாறு இருப்பதால் குளோனசெபாம் தவிர்க்கப்பட்டது.

டோபமின் போல வேலை செய்யும் பிரமிபெக்சால் வகை இவருக்குத் தரப்படவில்லை, இல்லாததைப் பார்த்த வரலாறு காரணமாக. அதைச் சாப்பிடுகிறவர் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது: செல்போனில் ரம்மி, கண்மண் தெரியாத செலவு, அளவு மீறிய காம எண்ணம் வரலாம். அது குணக்கேடு இல்லை, மருந்தின் வேலை. வெட்கப்பட்டு மறைத்தால் நகை போன பிறகுதான் தெரியும்.

பட்டறைப் புகையா காரணம் என்று மகன் கேட்டான். மாங்கனீசுப் புகை வேறு மாதிரியான நடுக்குவாத நிலையைத் தரும். பாராகுவாட் போன்ற விவசாய மருந்துகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரு ஆளைக் காட்டி உனக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. அவர் இப்போது நெருப்புப் பக்கம் உட்காருவதில்லை. காலை ஏழு முதல் பத்து வரை எடை போடுவதும் சலங்கை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை.

பதினோராம் மாதம்

நடை சீரானது, விழவில்லை. கூன் அப்படியே. வாசனை திரும்பவில்லை, திரும்பாது. எழுத்து, நான்கு கோடு நோட்டில் எழுதினால் பெரிதாக வருகிறது. வெள்ளைத் தாளில் பழைய எறும்பு. ஆறாம் மாதத்தில் மதிய மாத்திரை மூன்றரை மணிக்கே தீர்ந்துபோகத் தொடங்கியதால் நான்கு வேளையாக்கியது: ஆறு, பத்தரை, மூன்று, ஏழரை. இந்தத் தேய்வு மாத்திரையின் குற்றமில்லை. சேமித்துவைக்கிற செல்கள் குறைய, மருந்து இரத்தத்தில் இருக்கிற நேரம் மட்டுமே பலன் கிடைக்கிறது. மூளையில் மின்முனை பொருத்தும் சிகிச்சை பற்றியும் மகன் விசாரித்தான். மாத்திரைக்கு நன்றாகக் கேட்டு, ஆனால் ஏற்ற இறக்கம் தாங்க முடியாமல் போனவருக்கு உரியது அது. மறதியும் பிரமையும் உள்ளவருக்கு யோசித்துத்தான் செய்வார்கள். இப்போதைக்கு இல்லை.

நடுவில் கண்புரை அறுவைக்கு ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தார். வார்டு மருந்து நேரம் எட்டு, இரண்டு, எட்டு. மனைவி சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து நர்சிடம் நீட்டினார். ஒரு பக்கம் நான்கு நேரமும் '15 நிமிஷம்கூடத் தள்ளக் கூடாது' என்றும். மறு பக்கம் கொடுக்கக் கூடாத மருந்துகளின் எட்டுப் பெயர், பேத்தியின் கையெழுத்தில். பத்தரை மணி மாத்திரையை வெறும் தண்ணீரில் அவரே கொடுத்தார். பதினொன்றேகாலுக்குக் கணவர் கட்டிலை விட்டுத் தானாக எழுந்து, தரையில் கோடு தேடி, இல்லாததால் டைல்ஸ் இணைப்பைப் பார்த்துப் பார்த்து நடந்து கழிப்பறைக்குப் போனார். அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருப்பது மூன்று நாள் தாள்; மூன்று மணி மாத்திரைக்கு முன் இரண்டேகாலுக்கே பெருக்கல் குறி விழ ஆரம்பித்திருக்கிறது.